மூன்று கைக்கும் பொருந்திய ஒரு துவக்கு

1986ஆம் ஆண்டு. பனி கரைந்து தெருவோரமெல்லாம் கறுத்த சேறாகக் கிடந்த காலம். டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் என்ற ஊரில், ஒரு மாடிக் குடியிருப்பில் நானும் கணவரும் பன்னிரண்டு வயது மகளும் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அகதி முகாமில் காத்திருந்து, வதிவிட அனுமதி கையில் கிடைத்து அதிக நாளாகவில்லை. கணவர் டெனிஷ் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்குத்தான் முதலில் வேலை கிடைத்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். இரண்டு பேருமே அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இயந்திர உதிரிப் பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான மரப்பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை அது. பலகைகளின் மூலைகளைப் பசை பூசிப் பொருத்தி, அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். வேலை கடினமில்லை. கடினம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஒருவர் காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவியோடு நிற்பார். துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம், பார்வைக்கும் அது துவக்கு மாதிரித்தான். அவர் விசையை அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் நான் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுக் குந்திவிடுவேன்.

இது நான் வேண்டுமென்று செய்வதல்ல. ஊரில் ஒருநாள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது துவக்குச் சூடு நடந்தது. மீன்காரரின் மேசைக்குக் கீழே விழுந்து படுத்ததால்தான் தப்பினேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர் தப்பவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சேலை முழுக்கக் கணவாய் மை. அதற்குப் பிறகு கதவு அடித்துச் சாத்தினாலும் சரி, வாகன டயர் வெடித்தாலும் சரி, நான் யோசிப்பதற்கு முன்பே என் முழங்கால் மடிந்துவிடும். 'இது ஆணி, இது டென்மார்க்' என்று தலை எவ்வளவு சொன்னாலும் முழங்கால் கேட்பதாக இல்லை.

முதலில் சிலர் சிரித்தார்கள். காரணம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அவர்கள் சிரித்ததைவிட நிறுத்தியதுதான் அதிகம் வலித்தது. நான் போட்டு உடைத்த பலகைகள் மூலையில் சேர்ந்துகொண்டே போயின. ஒருநாள் மேற்பார்வையாளர் என்னைத் தனியே கூப்பிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: கோடை விடுமுறை வரை பார்ப்போம், அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் வேறு அமைதியான வேலை தேடுவது உனக்கும் நல்லது. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன். இவ்வளவு அன்பாகச் சொன்னவரை என்ன செய்வது? கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, என் முழங்காலுக்கு நானே ஒரு குத்து விட்டேன்.

பக்கத்து மேசையில் வேலை செய்த டெனிஷ்காரி நல்ல உயரம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அதிகம் பேசமாட்டாள். அன்று மதியம் பாணைக் கடித்துக்கொண்டே, வியாழக்கிழமை பின்னேரம் குடும்பத்தோடு வா, எங்கள் சுடுகழகத்தைக் காட்டுகிறேன் என்றாள். அவளும் அவள் கணவரும் அங்கே நெடுநாள் உறுப்பினர்கள். பாடசாலை ஒன்றின் நிலவறையில் அட்டை இலக்குகளை வைத்துச் சுடுவார்களாம். தாய், தகப்பன், பிள்ளை என்று மூன்று பேர் சேர்ந்து சுடும் குடும்பப் போட்டி கோடைக்கு முன்னால் வருகிறதாம்.

வெடிச் சத்தத்துக்குப் பயந்து வேலையே போகப் போகிற ஒருத்தியை வெடிச் சத்த விருந்துக்கு அழைக்கிறாளே என்று நினைத்தேன். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். அங்கே எப்போது சத்தம் வரும் என்று உனக்கு முன்கூட்டியே தெரியும்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன். கணவர் பிட்டைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார்.

"உமக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே கடல் கடந்து வந்தனாங்கள். இஞ்ச வந்து நாங்களா அதைத் தேடிப் போறதோ?"

"ஓம், தேடித்தான் போகப்போறன்," என்றேன். "அது என்னைத் தேடி வந்தது போதும்."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே டெனிஷில் ஏதோ சொன்னாள். தன் வகுப்பில் பாதிப் பேர் அங்கே போகிறார்கள் என்று அர்த்தம்.

மேல்மாடியில் இருந்த அண்ணை ஒருவருக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது, மறுநாளே படியிறங்கி வந்துவிட்டார். பெந்தெகொஸ்தே சபைக்காரர், நல்ல மனிதர், ஆனால் எல்லா விஷயத்திலும் கெட்டதை முதலில் காண்பவர்.

"தங்கச்சி, பொலிஸ் கேள்விப்பட்டால் இயக்கக்காரர் எண்டு பதிஞ்சுபோடுவாங்கள். கிடைச்ச விசாவையும் கெடுத்துப்போடாதையுங்கோ," என்றார்.

இதைக் கேட்டு என் கணவர் இன்னும் வெளிறிப்போனார். அடுத்த நாளே நான் பக்கத்து மேசைக்காரியிடம் எனக்குத் தெரிந்த டெனிஷில் நேரடியாகக் கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. கழகத்துக்கு யார் வருகிறார்கள் என்பதைத் தாங்களே பொலிசுக்கு அறிவிப்பதாகவும், துவக்குகள் எல்லாம் கழகத்தின் இரும்பு அலுமாரியில் பூட்டியிருக்கும், ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்றும் சொன்னாள். மறைக்க ஒன்றுமில்லாத இடத்தில் பயப்பட என்ன இருக்கிறது என்று கணவரைச் சம்மதிக்க வைத்தேன். சம்மதித்தார் என்பதைவிட, தனியே விட மனமில்லாமல் கூட வந்தார் என்பது சரி.

வியாழக்கிழமை போனோம். நிலவறைக்குள் நீளமான ஒரு மண்டபம். ஒரு கோடியில் மேசைகள், மறுகோடியில் மண் திட்டுக்கு முன்னால் வட்டம் போட்ட அட்டைகள். சுவரோரம் காப்பிக் குடுவையும் கேக்கும். ஒரு பெண் காதில் பெரிய காதுமூடியை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். கோயில் மடத்தில் அன்னதானத்துக்குக் காத்திருக்கிறவர்களின் நிதானம் அவர்களிடம் இருந்தது.

எனக்கும் காதுமூடி தந்தார்கள். முதல் வெடி கேட்டதும் நான் சீமெந்துத் தரையில் குந்தியிருந்தேன். காது மூடியிருந்தாலும் நெஞ்சில் அந்த அடி பட்டது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் தூக்கிவிடவும் வரவில்லை. சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். நான் எழுந்ததும் மறுபடி தொடங்கினார்கள். அந்த மாலை முழுக்க இதே கதைதான்.

இடையில் கழகத் தலைவர் எங்களை வரவேற்று விதிகளைச் சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள். குடும்பப் போட்டியில் மூவரும் ஒரே கைத்துவக்கால்தான் சுட வேண்டும். ஆகவே உங்களுக்கு ஒன்று தெரிவு செய்வோம் என்று சொல்லி அலுமாரியைத் திறந்தார். நாங்கள் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, அவரே ஒன்றை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு மேசையில் வைத்தார்.

அதைப் போல ஒரு பொருளை நான் முன்பின் பார்த்ததில்லை. நீண்ட குழல், உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பச் செதுக்கிய மரப்பிடி, எண்ணெய் போட்டு மினுக்கியது. கணவர் இரு கையாலும் வாங்கி, தலையைக் குனிந்து, "தக்" என்று நன்றி சொன்னார். பிறகு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, அவர் வீட்டில் கத்தி கொடுக்கிற மரியாதைப்படி, பிடியை அவர் பக்கமும் குழலைத் தன் வயிற்றுப் பக்கமும் திருப்பிக் கொடுத்தார். மண்டபமே உறைந்துபோனது. தலைவர் மெதுவாக அவர் கையைப் பிடித்து, குழலை அட்டைப் பக்கம் திருப்பினார். வெற்றுத் துவக்கானாலும் அது எப்போதும் இலக்கைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அடுத்தது என் முறை. என் தாய்வீட்டில் உப்பு, மிளகாய், கத்தி மூன்றையும் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் சண்டை வரும் என்று சொல்லி வளர்த்தவர்கள். நான் என் பழக்கத்தில் அதைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனேன். குழல் அட்டைப் பக்கமே இருந்தது. அங்கே விதியும் அதுதானாம். துவக்கைக் கைமாற்றக் கூடாது, மேசையில் வைக்க வேண்டும், அடுத்தவர் அங்கிருந்து எடுக்க வேண்டும். தலைவர் என்னைச் சுட்டிக்காட்டி, இப்படித்தான் என்றார். கணவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

"கொட்?" என்று தலைவர் எங்களைக் கேட்டார். நன்றாக இருக்கிறதா என்று.

"கொட், கொட்," என்று மூவரும் தலையாட்டினோம்.

அந்த ஒற்றைச் சொல்லால் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பிடி ஒரு பெரிய ஆணின் கைக்காகச் செதுக்கியது. என் மகளின் விரல் நுனி விசையைத் தொடவே எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு, கையை நீட்டிய சில நொடியிலேயே குழல் வாழைக்குலை மாதிரித் தொங்கிவிடும். கண்ணாடி போட்ட கணவருக்கு, முனையில் குறிபார்க்க இருந்த மெல்லிய குறிமுள் கண்ணுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு வியாழனும் போனோம், நான் குந்துவதும் எழுந்து சுடுவதுமாக, ஒவ்வொரு வியாழனும் சுவரையும் மண்ணையும் சுட்டுவிட்டு வந்தோம். ஒவ்வொரு வியாழனும் தலைவர் "கொட்?" என்பார். நாங்கள் "கொட்" என்போம்.

வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மகள் முறைப்பாடு வைப்பாள். கணவர் அவளை அடக்குவார்.

"விருந்தாளியெண்டு மதிச்சு, இருக்கிறதில நல்லதைத் தந்திருக்கினம். அது கையில பொருந்தேல்லை எண்டு சொல்லுறதோ? அப்பிடிப் பழக்கமே எங்களுக்கு?"

நானும் அதற்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. பிறர் வீட்டில் தந்த தேநீரில் சீனி இல்லாவிட்டாலும் குடித்து முடித்து நல்ல தேநீர் என்று சொல்லுகிற வளர்ப்பு எனக்கும் உண்டு. ஆனால் தொழிற்சாலையில் நிலைமை மாறவில்லை. 'டப்' என்றதும் குந்துகிறேன், பலகை உடைகிறது. பிர்ச் மரங்களில் இலை வந்துவிட்டது, கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் என்னைக் கண்டால் இன்னும் அன்பாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு வியாழன் பக்கத்து மேசைக்காரி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இன்றைக்குத் துவக்குக்குள் ரவைகளை நான் போட்டுத் தருகிறேன், நீ பார்க்காதே என்றாள். நான் திரும்பி நின்றேன். அவள் போட்டு மேசையில் வைத்தாள். எடுத்தேன், நீட்டினேன், விசையை இழுத்தேன். வெடித்தது, உடம்பு குலுங்கியது, அட்டையில் ஒன்றும் படவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதற்கு விசையை இழுத்தபோது 'கிளிக்' என்று ஒரு சின்ன ஒலி மட்டும்தான். அவள் இடையில், சுட்டு முடிந்த ரவையின் வெற்றுக் கோது ஒன்றைச் சேர்த்திருக்கிறாள்.

ரவை இல்லை. வெடி இல்லை. ஆனால் என் கை நிலத்தை நோக்கிக் குத்திட்டு இறங்கியிருந்தது. கண்கள் இறுக்கி மூடியிருந்தன. முழங்கால் பாதி மடிந்திருந்தது.

கண்ணைத் திறந்து அந்தக் கோலத்தை நானே பார்த்தேன். வெட்கம் வந்தது. அதற்குப் பின்னால் வேறொன்று வந்தது. இத்தனை காலமும் நான் சத்தத்துக்குப் பயப்படுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தமே வராத இடத்திலும் நான் பயந்திருக்கிறேன். அப்படியானால் பயம் சத்தத்தில் இல்லை, அது வரப்போகிறது என்று நான் காத்திருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் இருக்கிறது. அந்த இடைவெளி என்னுடையது. அதை ஆணி அடிக்கிறவர் செய்யவில்லை, அந்தத் துவக்கும் செய்யவில்லை, நான் செய்ததென்றால் நானே மாற்றவும் முடியும். அந்த மண்டபத்தில் நின்றபடியே எனக்கு அழுகை வந்தது, மகிழ்ச்சியால்தான்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடியைச் சுற்றி முழுதாக எட்டாமல், எலும்பு வெளுக்க நான் இறுக்கிப் பிடித்திருந்ததை. இது உன் கைக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"கொட்," என்றது என் வாய், வழக்கம் போல.

அவள் மறுபடி கேட்டாள். இந்தமுறை நான் துவக்கை மேசையில் வைத்துவிட்டு, அவள் கண்ணைப் பார்த்து, "நை" என்றேன். இல்லை என்று. அந்த நாட்டுக்கு வந்து ஒரு டெனிஷ்காரரிடம் நான் சொன்ன முதல் 'இல்லை' அது.

கணவர் பின்னாலிருந்து, "இஞ்சாரும், என்ன சொல்லுறீர்?" என்று பதறினார்.

தலைவர் வந்தார். மகள் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் டெனிஷில் கொட்டித் தீர்த்தாள், விரல் எட்டாதது, குழல் தொங்குவது, அப்பாவுக்குக் குறிமுள் தெரியாதது எல்லாம். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். கணவர் கூச்சத்தோடு மகள் மூலம் விளக்கினார், எங்கள் பழக்கத்தில் அன்பாகத் தந்ததைக் குறை சொல்ல மாட்டோம் என்று. தலைவர் எங்களையும் மேசையில் கிடந்த துவக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். அது கழகத்தின் துவக்கே அல்ல, அவருடைய சொந்தத் துவக்காம். அவர் கைக்கென்றே பிடி செதுக்குவித்ததாம். விருந்தாளிகளுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று தந்துவிட்டு, நாங்கள் ஒவ்வொரு முறையும் "கொட்" என்றதால் திருப்பிக் கேட்க மனமில்லாமல், அலுமாரியில் கிடந்த எதையோ வைத்து அவரும் இத்தனை வாரம் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தாராம்.

என் கணவர் முதலில் கைகூப்பினார், பிறகு அவரும் சிரித்தார். ஹோர்சன்ஸுக்கு வந்த பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் துவக்கை நாங்கள் உண்மையாகத் தெரிவு செய்தோம். தலைவர் அலுமாரியில் இருந்ததையெல்லாம் திறந்து காட்டி வரிசையாக மேசையில் வைத்தார். எல்லாம் சின்ன ரவை போடுகிறவைதான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உதைப்புக் குறைந்த அந்த ரவைதான் நல்லது, பெரியதைத் தொடக்கத்திலேயே எடுத்தால் கை கெட்ட பழக்கம் பழகிவிடும் என்றார். மகள் முதலில் பாய்ந்தது உருளையில் ரவை போடும் துவக்குக்கு, படத்தில் குதிரைக்காரர் வைத்திருப்பது மாதிரி என்று. அதன் விசையை இழுக்க அவளுக்கு இரண்டு விரல் தேவைப்பட்டது, முகமும் கோணிப்போனது. கணவர் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னதொன்றை எடுத்து, பிள்ளைக்கு இது சரி என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சுட்டுப் பார்த்தால் அது கையில் துள்ளியது, சத்தமும் கூட. சின்னதாக இருப்பதெல்லாம் சுலபம் என்று இல்லை, கொஞ்சம் பாரம் இருந்தால்தான் கை ஆடாது, ஆனால் தூக்கிப் பிடிக்க முடியாத பாரமாகவும் இருக்கக் கூடாது என்று அன்று படித்துக்கொண்டோம்.

பிறகு நான் என் வழியில் இறங்கினேன். தேங்காய் வாங்கப் போனால் நான் ஒவ்வொன்றாகத் தூக்கி, தட்டி, ஆட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கணவருக்கு அது எப்போதும் மானக்கேடு. அந்த மண்டபத்திலும் அதையே செய்தேன். ஒவ்வொன்றையும் எடுத்து, கையை நீட்டி, கண்ணை மூடி, திறந்து பார்த்தேன். குழல் நான் நினைத்த இடத்தில் நிற்கிறதா, கீழே போய்விட்டதா? பிறகு மகளைக் கூப்பிட்டு அவள் விரல் நுனி விசையில் வசதியாக உட்காருகிறதா என்று பார்த்தேன். பிறகு கணவருக்கு, "குறிமுள் தெரியுதோ? உண்மையைச் சொல்லுங்கோ, மரியாதைக்குச் சொல்லாதேங்கோ," என்றேன்.

கடைசியில் எஞ்சியது ஒன்று. மெல்லிய பிடி, நடுத்தரப் பாரம், பெரிய சதுரமான கறுப்புக் குறிமுள். இளையோர் பழகிப் பழகிப் பிடியில் வெடிப்பு விழுந்து, அதைச் சுற்றிக் கறுத்த ஒட்டுநாடா.

"இதையோ?" என்றார் கணவர். "ஒட்டுப் போட்டதையோ?"

"உங்கட கைக்குப் பொருந்துதோ இல்லையோ?"

"பொருந்துது," என்றார், மனமில்லாமல்.

"அப்ப அதுதான்."

அடுத்தடுத்த வியாழன்களில் நான் அதிகம் கேட்டது வெற்றுக் கோதைத்தான். பக்கத்து மேசைக்காரி ரவைகளுக்கு இடையில் ஒளித்து வைப்பாள், நான் என் கை இறங்குகிறதா என்று பார்ப்பேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, குறிமுள்ளின் கறுப்புச் சதுரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, விசையை மெல்ல மெல்லப் பின்னால் கொண்டுவர வேண்டும். எப்போது வெடிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் பாதிக் கை இறங்கியது, பிறகு மணிக்கட்டு மட்டும், பிறகு ஒரு சின்னத் துடிப்பு. ஒருநாள் 'கிளிக்' என்றபோது குழல் அசையவேயில்லை. அதற்கு அவள் கைதட்டவில்லை, போய் எனக்கொரு துண்டு கேக் எடுத்து வந்தாள்.

குடும்பப் போட்டி ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. மேல்மாடி அண்ணையும் வந்திருந்தார், எங்களுக்கு ஏதாவது நடந்தால் சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று. புதிதாகச் சேர்ந்த குடும்பங்களுக்குத் தனிப் பிரிவு. மகள் முதலில் சுட்டாள். அவளுக்குப் பயம் என்பதே இல்லை, அட்டையின் நடுவைச் சல்லடையாக்கிவிட்டு வந்து கேக் சாப்பிடத் தொடங்கினாள். கணவர் அடுத்து. நன்றாகவே தொடங்கினார். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவசரப்பட்டார், ஒன்று அட்டையைவிட்டே வெளியே போய்விட்டது. எங்களுக்குப் போட்டியாக வந்த டெனிஷ் குடும்பம் ஒன்று நல்ல புள்ளிகளோடு நின்றது. கணவர் துவக்கை மேசையில் வைத்துவிட்டு வந்து என் காதுமூடியைத் தூக்கி, "இனி உம்மட கையிலதான் இருக்கு," என்றார்.

எனக்கு அட்டை முக்கியமாகப் படவில்லை. தொழிற்சாலைதான் நினைவில் நின்றது. இந்த மேசைக்கு முன்னால் என்னால் நிற்க முடிந்தால் அந்த மேசைக்கு முன்னாலும் நிற்கலாம். இங்கே குந்தினால் அங்கும் என் கதை முடிந்தது.

எடுத்தேன். கையை நீட்டினேன். கறுப்புச் சதுரம் வட்டத்தின் அடியில் வந்து நின்றது. விசையைப் பாதி இழுத்திருந்தேன், அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வரிசைக்காரர் சுட்டார். நான் எதிர்பார்க்காத சத்தம். என் முழங்காலுக்காகக் காத்திருந்தேன். அது மடியவில்லை. கை நீட்டியபடியே இருந்தது. நான் கையைக் கீழே இறக்கி, துவக்கை மேசையில் ஊன்றி, மூச்சு வாங்கினேன். அப்படிச் செய்யலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். மறுபடி நீட்டினேன். என் சத்தம் வந்தது. பக்கத்தவர் சத்தம் வந்தது. மறுபடி என் சத்தம். ஒரு கட்டத்தில் எது என்னுடையது, எது மற்றவருடையது என்று நான் கணக்கெடுப்பதையே விட்டுவிட்டேன். கடைசி ரவை முடிந்தபோது நான் நேராக நின்றுகொண்டிருந்தேன்.

அட்டைகளைக் கொண்டுவந்து எண்ணினார்கள். தலைவர் எங்கள் பெயரை வாசித்தார், பாதியைத் தவறாக உச்சரித்து. புதிய குடும்பங்களில் நாங்கள்தான் முதலாவது. மகள் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே துள்ளினாள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார், அதில் துடைக்க ஒன்றுமில்லை. பக்கத்து மேசைக்காரி தூரத்தில் நின்று என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள். எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்ல? கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை.

பரிசு என்னவென்றால், வலை போட்டுக் கட்டிய, புகையூட்டிய ஒரு முழுப் பன்றித் தொடை. வெள்ளிக்கிழமை, நாங்கள் மரக்கறி தவிர வேறொன்றும் தொடாத நாள். கணவர் இரு கையாலும் வாங்கி, தலை குனிந்து "தக்" என்றார். தலைவர் குறும்பாக "கொட்?" என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்து, தாங்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி உண்பதில்லை என்று டெனிஷில் முழுசாக ஒரு வசனம் சொன்னார். வகுப்பில் படித்தது வீண்போகவில்லை. விசா போய்விடும் என்று பயமுறுத்திய அண்ணைதான் அந்தத் தொடையைத் தோளில் சுமந்துகொண்டு போனார். "அடுத்த வருசமும் வெண்டால் சொல்லுங்கோ தங்கச்சி," என்றார், படியேறும்போது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பசை பூசிய பலகை கையில். பின்னால் அவர் கருவியை எடுக்கும் அரவம் கேட்டது. நான் அந்த இடைவெளிக்குள் நின்றேன், மூச்சைப் பாதி விட்டேன். 'டப்'. இமை மட்டும் ஒருமுறை அடித்தது. பலகை என் கையிலேயே இருந்தது. அன்று முழுக்க எத்தனையோ 'டப்', ஒரு பலகைகூடக் கீழே விழவில்லை. மேற்பார்வையாளர் முதலில் கவனிக்கவில்லை, மூலையில் உடைந்த பலகை இல்லாததைப் பார்த்துத்தான் கவனித்தார். கோடை விடுமுறைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு அத்தோடு நிற்கவில்லை. விடுமுறை முடிந்து வந்ததும் அந்த ஆணிக் கருவியை எனக்குப் பழக்கித் தர வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஆனாலும் பழக்கித் தந்தார். அதற்குப் பிறகு பல வருடம் அந்தத் தொழிற்சாலையில் அந்தச் சத்தத்தைப் போட்டது நான்தான்.

மீன் மேசைக்குக் கீழே என்னைத் தள்ளி விழுத்திய அந்தப் பயத்தை நான் ஒருநாளும் இகழ்ந்து பேசமாட்டேன், என்னை உயிரோடு என் பிள்ளையிடம் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். ஆனால் வந்து சேர்ந்துவிட்டோம், இனி நீ எழுந்து நிற்கலாம் என்று அதற்குச் சொல்லும் வேலை என்னுடையதாக இருந்தது, அதை நான் செய்து முடித்தேன் என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்கிறது.